போன இடமெல்லாம் சூடு

1961 மாடலாக ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த ப்யூக் ஸ்பெஷல், ஓல்ட்ஸ்மொபில் எஃப்-85 கார்களின் பானட்டுக்குள் அதுவரை அமெரிக்கர்கள் அதிகம் பார்த்திராத ஒன்று இருந்தது: அலுமினியத்தில் வார்த்த வி8 என்ஜின். அளவு 215 கன அங்குலம், அதாவது மூன்றரை லிட்டர். எடையோ 145 கிலோவை ஒட்டித்தான். அன்றைய இரும்பு வி8 பலவும் ஏறக்குறைய இதைப்போல் இரண்டு மடங்கு கனம். நாற்பது ஆண்டு ஆயுளையும் பல நாட்டு ஓட்டத்தையும் இந்த என்ஜினுக்குக் கொடுத்தது இந்த லேசுதான். அதை வாட்டிய நோய்க்கு வித்தும் அதிலேயே இருந்தது. சூடானால் அலுமினியம் இரும்பைப்போல் சுமார் இரண்டு மடங்கு விரியும்; அளவுக்கு மீறிச் சூடேறினால் ஹெட் வளைந்துவிடும்.

தொல்லை பிறந்த வீட்டிலேயே தொடங்கியது. வார்ப்பில் நுண்துளை விழுந்து பிளாக்குகள் கழிந்தன. வெளியே போன கார்களிலோ ரேடியேட்டர் அடைத்தது. இரும்பு என்ஜினுக்கு ஊற்றிப் பழகிய கூலண்டையே சிலர் இதிலும் ஊற்ற, அது அலுமினியத்துக்கு ஒத்துவரவில்லை. படிவு சேர்ந்து ரேடியேட்டரின் குழாய்களை மூடியது. 1963-ல் ப்யூக் கையைக் கழுவிவிட்டு இரும்புக்கே திரும்பியது. இதே வடிவத்திலிருந்து பிறந்த இரும்பு வி6 ஒன்று, 1965-ல் 'டான்ட்லஸ்' என்ற பெயரில் ஜீப் சிஜே-5-க்குப் போய்ச் சேர்ந்தது. அலுமினிய அண்ணனுக்கோ அமெரிக்காவில் வேலை முடிந்துவிட்டது.

அந்தச் சமயத்தில் இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்தை நடத்திவந்த வில்லியம் மார்ட்டின்-ஹர்ஸ்ட், விஸ்கான்சினில் இருந்த மெர்க்குரி மரீன் படகு என்ஜின் நிறுவனத்துக்கு வேறு வியாபாரமாகப் போனார். அங்கே பணிமனைத் தரையில் ப்யூக்கிலிருந்து கழற்றிய இந்த என்ஜின் கிடந்தது. ரோவருக்குத் தேவையான என்ஜின் இதுவே என்று அவருக்குப் பட்டது. 1965 தொடக்கத்தில் உரிமை கைமாறியது. ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ப்யூக் பொறியாளர் ஜோ டர்லி, உதவிக்கு இங்கிலாந்து வந்தார். ரோவர் வார்ப்பு முறையை மாற்றியது: பிளாக்கை மணல் அச்சில் வார்த்து, இரும்பு லைனர்களைப் பிறகு அழுத்திச் செருகினார்கள். 1967-ல் ரோவர் சொகுசுக் காரிலும், 1970-ல் ரேஞ்ச் ரோவரிலும் அது ஏறியது. ரேஞ்ச் ரோவர் இந்த என்ஜினை மனத்தில் வைத்தே வரையப்பட்ட வண்டி. ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் காற்றுக்கும் முதலிலேயே இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

வேறு என்ஜினுக்காகக் கட்டிய வண்டியில் இதை இறக்கும்போதுதான் சோதனை. அந்தச் சோதனையை 1979-ல் ரோவர் தானே செய்தது. 109 அங்குல வீல்பேஸ் லேண்ட் ரோவரில் நாலு சிலிண்டர் இருந்த இடத்தில் வி8-ஐ வைத்து 'ஸ்டேஜ் ஒன்' என்று விற்றது. பழைய லேண்ட் ரோவரின் முகம் இரண்டு மட்கார்டுகளுக்கும் நடுவே உள்வாங்கியிருக்கும். ஸ்டேஜ் ஒன்னில் அது மட்கார்டுகளுக்குச் சமமாக முன்னால் வந்து தட்டையானது. அழகுக்காகச் செய்ததல்ல, பெரிய என்ஜின், அதற்கும் முன்னால் ரேடியேட்டர் என்று இரண்டையும் அடக்க வேறு வழியில்லை. திறனையும் 91 குதிரைத்திறனாகக் குறைத்துவிட்டார்கள். ரேஞ்ச் ரோவரில் இதே என்ஜின் தொடக்கத்திலேயே 135 கொடுத்தது.

என்ஜினோடு ரேடியேட்டருக்கும் இடம் வேண்டும் என்ற பாடத்தை, சொந்த ஷெட்டில் வி8 மாற்றியவர்கள் பலர் சூடுபட்டுத்தான் படித்தார்கள். கணக்கு எளிது. பெட்ரோலின் ஆற்றலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைத் திருப்பும் வேலைக்கு வரும். ஒரு பங்கு சைலன்சர் வழியே போகும். இன்னொரு பங்கு கூலண்டில் இறங்கும். 70 குதிரைத்திறனுக்குச் செய்த ரேடியேட்டருக்குப் பின்னால் 135 குதிரைத்திறன் என்ஜினை வைத்து முழு வேகத்தில் விரட்டினால், ரேடியேட்டர் வெளியேற்ற வேண்டிய சூடும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நல்ல சாலையிலாவது எதிர்க்காற்று கைகொடுக்கும். கல்லும் சேறுமான ஏற்றத்தில், லோ கியரில், நடை வேகத்தில் ஊரும்போது அந்தக் காற்று கிடையாது. எல்லாம் ஃபேன் தலையில்.

அதனால் ஃபேனைச் சுற்றி ரேடியேட்டரை முழுக்க அணைக்கும் கூடு வேண்டும். கூடு இல்லாத ஃபேன் தனக்கு நேர் எதிரே உள்ள வட்டத்திலிருந்துதான் காற்றை இழுக்கும்; ரேடியேட்டரின் மூலைகள் சும்மா கிடக்கும், பின்னால் போன வெந்த காற்றும் சுற்றி வந்து மறுபடி நுழையும். உள்ளே வந்த காற்று வெளியேறவும் வழி வேண்டும். குறுகிய என்ஜின் அறையைப் பெரிய என்ஜின் அடைத்துக்கொண்டால், எவ்வளவு பெரிய ரேடியேட்டரும் பயன் தராது. ஆற்றைக் கடப்பவர்கள் மின்விசிறியை அணைக்க ஓட்டுநர் பக்கம் தனி சுவிட்ச் வைப்பதும் காரணத்தோடுதான்: தண்ணீருக்குள் சுழலும் இறக்கை முன்பக்கம் வளைந்து ரேடியேட்டரையே கிழித்துவிடும். கரையேறிய பிறகு ஃபின்களில் காயும் சேற்றை என்ஜின் பக்கமிருந்து முன்னோக்கித் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். முன்னிருந்து அடித்தால் சேறு இன்னும் உள்ளே போய் உட்காரும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டால் சூடு அடங்கும் என்று நம்புகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அது சூட்டைக் குறைக்கும் சாதனமல்ல, அளவாக வைத்திருப்பது. முழுக்கத் திறந்த நிலையிலும் என்ஜின் கொதிக்கிறது என்றால் குறை வேறெங்கோ இருக்கிறது. பல நேரம் அது உள்ளே சிக்கிய காற்று. என்ஜினும் ஹோஸ்களும் இடம் மாறிய வண்டியில் ரேடியேட்டரின் மேல்மட்டத்தைவிட உயரமான மூலை எங்காவது உருவாகிவிடும். காற்று அங்கே தங்கும். வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி, மூடியைத் திறந்து நிரப்பினால் அது வெளியேறும். கேஜையும் முழுக்க நம்பக் கூடாது. கூலண்ட் கொட்டிவிட்டால் சென்சார் வெறும் ஆவியில் நிற்கும்; முள் கீழே இறங்கும், என்ஜினோ வெந்துகொண்டிருக்கும்.

ரோவர்கூட இந்தக் கணக்கில் தவறியது. திறன் வேண்டும் என்று 1989-ல் சிலிண்டர் விட்டத்தை 88.9 மில்லிமீட்டரிலிருந்து 94-க்கு அகலப்படுத்தி 3.9 லிட்டராக்கினார்கள், 1994-ல் 4.6 லிட்டர். பிளாக்கின் வெளி அளவு பெரிதாக மாறவில்லை. லைனருக்குப் பின்னால் இருந்த அலுமினியச் சுவர்தான் மெலிந்தது. ஒருமுறை கடுமையாகக் கொதித்தால் அந்தச் சுவர் வெடிக்கலாம், லைனர் நழுவலாம். வெடித்த இடம் வழியாகச் சிலிண்டரில் எரிந்த வாயு கூலண்டுக்குள் புகுந்து, ரேடியேட்டரை உள்ளிருந்தே அழுத்தும். மேல் விளிம்பு வைத்த லைனர்களைச் செருகிப் பிளாக்கைக் காப்பாற்றுவது பிரிட்டனில் தனிப் பணிமனைத் தொழிலாகவே வளர்ந்தது.

2004-ல் டிஸ்கவரி 2-ஓடு லேண்ட் ரோவரில் இந்த என்ஜினின் பயணம் முடிந்தது. பழைய என்ஜின்கள் இன்றும் கைமாறுகின்றன, இன்றும் வண்டி மாறுகின்றன. வாங்குபவர் முதலில் டேப்பை எடுத்து மட்கார்டுகளுக்கு நடுவே எவ்வளவு அகலமான ரேடியேட்டர் நிற்கும் என்று அளக்கட்டும். எத்தனை குதிரைத்திறன் கேட்கலாம் என்பதை அந்த அளவே சொல்லிவிடும். 1979-ல் ஸ்டேஜ் ஒன்னின் முகத்தை முன்னால் தள்ளியபோது ரோவர் பார்த்ததும் இந்த இடக் கணக்கைத்தான்.