மானும் துப்பாக்கியும் சட்டமும்

இலண்டனை அடுத்துள்ள எப்பிங் வனத்தில் நாம் இன்று தடையின்றி உலாவுகின்றோம். 1878ஆம் ஆண்டுச் சட்டமே அதனைப் பொதுமக்களுக்கு உரியதாக்கியது. அதற்கு முன் அது அரசரின் வேட்டைக்காடு. அரச வனங்களில் மானைக் கொன்ற குடியானவன் உயிரையோ உறுப்பையோ இழக்க நேரிட்டது. 1217ஆம் ஆண்டின் வனச் சாசனம் அக்கொடுந்தண்டனையை நீக்கி, தண்டப்பணமும் சிறையும் போதுமென்றது.

ஆயினும் ஏழைக்கு வேட்டை விலக்கப்பட்டதாகவே இருந்தது. 1671ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம், ஆண்டுக்கு 100 பவுண் நிலவருமானம் அற்றோர் துப்பாக்கி வைத்திருப்பதையே பொதுவாகத் தடுத்தது. 1723இல் வந்த 'கறுப்புச் சட்டம்', முகத்திற் கரி பூசி ஆயுதத்துடன் வனத்தில் நடமாடினாலே மரணதண்டனை என்றது. அதன் பெரும்பகுதி 1823இலேயே நீக்கப்பட்டது. வேட்டைக்கான நிலத்தகுதி 1831இல் ஒழிந்தது.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 1991ஆம் ஆண்டின் மான்கள் சட்டம் வேறொன்றையே கருதுகின்றது. பெரிய மான்களைச் சுடும் ரைபிளின் குழல்விட்டம் 0.240 அங்குலத்திற்கோ, அதன் ஆற்றல் 1,700 அடி-இறாத்தலுக்கோ குறையலாகாது. அம்பும் ஈட்டியும் விலக்கு. காயத்துடன் அலைந்து சாகாமல் மான் உடனே இறக்கவேண்டும் என்பதே நோக்கம்.

துப்பாக்கிக்கு அனுமதிப்பத்திரம் இன்றும் வேண்டும், நிலவுடைமை வேண்டியதில்லை. ஏந்துபவனின் குலத்தையும் செல்வத்தையும் பார்த்த சட்டம், மானின் வேதனையைப் பார்க்கக் கற்றுக்கொள்ளப் பல நூற்றாண்டுகள் சென்றன. சட்டங்களால் அலைக்கழிக்கப்பட்ட நாம் இதனை மனங்கொள்வது நன்று.