துப்பறிய லைசென்ஸ் இருக்கா சார்?

தேவனோட சாம்புவும் தமிழ்வாணனோட சங்கர்லாலும் யாரிடமும் லைசென்ஸ் காட்டினதா எனக்கு ஞாபகம் இல்லை. கதையில் அது தேவையும் இல்லை :-) ஆனால் நிஜத்தில் இந்தத் தொழில் வளர்ந்த கதையைப் படித்தால், லைசென்ஸ் ஏன் வேணும்னு தானாகவே புரியும்.

பாரிஸில் 1833-ல் விடோக் என்பவர் திறந்ததைத்தான் உலகின் முதல் தனியார் துப்பறியும் அலுவலகம் என்று பெரும்பாலும் சொல்கிறார்கள். ஆள் யாருங்கறீங்க? பலமுறை ஜெயிலிலிருந்து தப்பியவர். பிறகு போலீஸ் துப்பறியும் பிரிவுக்கே தலைவரானவர். கெட்டிக்காரர்தான். ஆனால் அவரிடம் குடும்ப ரகசியத்தைக் கொடுத்தவருக்கு அவர் வாய்ப்பேச்சைத் தவிர வேறு உத்தரவாதம் கிடையாது.

அடுத்து அமெரிக்கா. ஸ்காட்லாந்திலிருந்து போன பீப்பாய்த் தொழிலாளி ஆலன் பிங்கர்ட்டன், 1850 வாக்கில் சிகாகோவில் ஏஜென்சி ஆரம்பித்தார். திறந்த கண் படம், கீழே 'நாங்கள் தூங்குவதே இல்லை' என்ற வாசகம். அவர் இறந்து எட்டு வருஷம் கழித்து, 1892 ஜூலையில், ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் தொழிலாளர் தகராறு. நிர்வாகம் சுமார் 300 பிங்கர்ட்டன் ஆட்களைப் படகில் வரவழைத்தது. வந்தது துப்போட இல்லீங்க, துப்பாக்கியோட! இரண்டு பக்கமும் உயிர்கள் போயின. மறுவருஷமே, இந்த மாதிரி ஆட்களை மத்திய அரசு வேலைக்கு வைக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. அது அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தியது. தனி ஆட்களுக்கான லைசென்ஸ் விதிகளை மாநிலங்கள் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தன. இன்று அங்கே பெரும்பாலான மாநிலங்களில் லைசென்ஸ் எண்ணைக் கேட்டு வாங்கி, அது உண்மைதானா என்று அரசு இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

நம்ம ஊர்? 2005-ல் வந்த தனியார் பாதுகாப்பு நிறுவனச் சட்டம் செக்யூரிட்டி ஆட்களுக்கானது. துப்பறிவாளர்களுக்காக 2007-ல் மாநிலங்களவையில் ஒரு மசோதா வந்தது; சட்டமாகவே இல்லை. அதனால் போர்டில் 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்று பார்த்தால், "எந்தச் சட்டத்தில், எதுக்கு?" என்று கேளுங்க. அது கம்பெனிப் பதிவாக இருக்கலாம், செக்யூரிட்டி லைசென்ஸாகவும் இருக்கலாம். துப்பறியும் திறமைக்கு இரண்டுமே சான்று இல்லை.

வேலை, கட்டணம், ரகசியம் மூன்றையும் எழுத்தில் வாங்குங்க. "போன் கால் லிஸ்ட் எடுத்துத் தர்றேன்" என்று சொன்னால் உடனே எழுந்து வந்துடுங்க. 2018-ல் தானே போலீசார் இந்த விவகாரத்தில்தான் சில துப்பறிவாளர்களைக் கைது செய்தார்கள்.

மாப்பிள்ளையை விசாரிக்க ஆள் வைக்கிறோம், சரி. அந்த ஆளை யாருங்க விசாரிக்கிறது?