எல்லை கடந்த மறுசந்திப்பு: ‘கிளாஸ்மேட்ஸ்’, ‘நினைத்தாலே இனிக்கும்’ – ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

கல்லூரியில் ஒன்றாகப் பயின்று பிரிந்தோர், ஆண்டுகள் பல கழிந்தபின் மீண்டும் கூடுவதைக் கருவாகக் கொண்ட திரைப்படங்கள் தமிழிலும் மலையாளத்திலும் உண்டு. லால் ஜோஸ் இயக்கிய ‘கிளாஸ்மேட்ஸ்’ (2006) என்னும் மலையாளப் படமும், அதனைத் தழுவி ஜி.என்.ஆர். குமாரவேலன் இயக்கிய ‘நினைத்தாலே இனிக்கும்’ (2009) என்னும் தமிழ்ப் படமும் அவற்றுள் குறிப்பிடத்தக்கன. ஒரே கதை மொழி மாறும்போது, அது நினைவுகூரும் கடந்தகாலமும் மாறுகிறதா என்பதை, இரு மொழிகளும் வழங்கும் வண்டன்மேட்டுப் பகுதியை முன்னிறுத்தி இக்கட்டுரை ஆராய்கிறது.

மலையும் கல்லூரியும்

வண்டன்மேடு இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டப் பகுதியாகும். தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்க வேண்டும் என்ற கோரிக்கை 1956இல் நிறைவேறாமையால், இம்மலைகளின் தமிழர் கேரள எல்லைக்குள் நின்றனர். இங்கு விளையும் ஏலக்காய் மலைமேல் புற்றடியிலும் மலையடியில் போடிநாயக்கனூரிலும் ஏலம் விடப்படுகிறது. விளைபொருளைப் போன்றே மாணவர்க்கும் இரு வழிகள் உள்ளன. மேற்கே கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கல்லூரிகள். கிழக்கே போடியில் ஏலத்தோட்ட உரிமையாளர் சங்கத்தின் பெயர் தாங்கிய கல்லூரி. இறங்கும் திசைக்கேற்பக் கல்லூரி நினைவும் வேறாகிறது.

மலையாளப் படத்தின் கடந்தகாலம்

1817இல் தொடங்கப்பெற்ற கோட்டயம் சி.எம்.எஸ். கல்லூரியில் ‘கிளாஸ்மேட்ஸ்’ படமாக்கப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் ஒன்றாகப் பயின்றோர் மீண்டும் கூடுவதும், மறைந்த நண்பன் ஒருவனின் இறப்பு குறித்த உண்மை வெளிப்படுவதும் அதன் கதையாகும். கதையின் முடிச்சுகளைப் பிணைப்பது மாணவர் அரசியலே. கல்வி நிறுவனங்கள் வளாக அரசியலைத் தடைசெய்யலாம் எனக் கேரள உயர்நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது. கேரளத்து வழக்கொன்றின் தொடர்ச்சியாக அமைக்கப்பட்ட லிங்டோ குழு 2006 மே மாதம் அறிக்கை அளித்தது. அதன் பரிந்துரைகளைச் செயற்படுத்துமாறு உச்சநீதிமன்றம் அவ்வாண்டு செப்டம்பரில் ஆணையிட்டது. இவ்விரண்டிற்கும் இடையே ஆகஸ்டில் படம் வெளிவந்தது. எனவே, அன்றைய பார்வையாளர் அதில் கண்டது இளமையின் இழப்பு மட்டுமன்று. கேள்விக்குள்ளாகியிருந்த ஒரு பொதுவாழ்வின் சித்திரமுமாகும்.

தமிழ்ப் படத்தின் கடந்தகாலம்

தமிழ்ப் படத்தின் தலைப்பே கே. பாலசந்தரின் 1979ஆம் ஆண்டுப் படத்திலிருந்து பெறப்பட்டது. இரு படங்களிலும் நாயகனாக நடித்தவர் பிருத்விராஜ். நடிகரும் கதையும் எல்லை கடந்தபோதும் அரசியல் கடக்கவில்லை. தமிழகத்திற்கு மாணவர் அரசியல் மரபு இல்லாமலில்லை. 1965ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டம் அதற்குச் சான்று. ஆயினும் தழுவல் அம்மரபைத் தேடிச் செல்லவில்லை. மூலத்தில் அமைப்புகளின் மோதலாக இருந்தது, தமிழில் தனிமனிதர்களின் காதலாகவும் பகையாகவும் சுருங்கியது.

இதனைத் தமிழ்த் திரையின் இயலாமை எனக் கொள்வதற்கில்லை. தங்கர் பச்சானின் ‘பள்ளிக்கூடம்’ (2007), பழைய மாணவர்களின் கூடலை ஓர் ஊர்ப்பள்ளியின் வாழ்வோடு பிணைத்தது. ‘கிளாஸ்மேட்ஸ்’ படத்தில் நடித்த நரேன் இதிலும் நடித்தார் என்பது கருதத்தக்கது. தன் மண்ணிலிருந்து எழுந்த கதைக்கு நிறுவன நினைவு வாய்த்தது. பெயர்த்து நடப்பட்ட கதைக்கு அது வாய்க்கவில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் இரு முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, மறுசந்திப்புக் கதையின் ஆற்றல், கூடுவோரின் நட்பைக் காட்டிலும் அவர்கள் கூடும் இடத்தின் வரலாற்றைச் சார்ந்துள்ளது. மற்றொன்று, கேரளக் கல்லூரியில் பயின்ற எல்லைப்புறத் தமிழரின் அனுபவம் இவ்விரு படங்களிலும் இடம்பெறவில்லை. மலையாளப் படத்தில் அவர்தம் கல்லூரி உண்டு, மொழி இல்லை. தமிழ்ப் படத்தில் மொழி உண்டு, கல்லூரி இல்லை. அந்நினைவுகள் இன்று அவர்தம் வாய்மொழியிலேயே வாழ்கின்றன. அவற்றைத் தொகுத்து ஆவணமாக்குவது தமிழாய்வின் கடமையாகும்.