ஒற்றுத்தாளில் ஏறிய புரதம்

1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை ராஜ்யத்தோடு இணைந்தபோது, அவற்றோடு சேர்த்துக் கேட்கப்பட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. களியக்காவிளைக்கு வடக்கே, பாறசாலை தொடங்கித் தமிழும் மலையாளமும் ஒரே கடைவாசலில் கலந்து ஒலிக்கும் எல்லைக் கிராமங்களின் ஜனங்கள், கல்விக்கும் கோர்ட்டுக்கும் வைத்தியத்துக்கும் பழையபடி திருவனந்தபுரத்துக்கே பயணப்பட்டார்கள். 1979 ஏப்ரலில் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் அந்தப் பயணம் சுலபமாயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில், ஸ்விட்ஸர்லாந்தின் பாஸல் நகரத்து ஆராய்ச்சியாளர் மூவர் எழுதிய சிறு கட்டுரை ஒன்று அமெரிக்கப் பத்திரிகையில் வெளிவந்தது. இரண்டுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆயினும், அந்த ரயிலில் தலைநகரம் போய்ப் பரிசோதனைச்சாலைகளில் தொழில் பழகிய இளைஞர்களின் சரித்திரத்தை எழுதப் புகுந்தால், இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

புரதங்களைக் கனம் வாரியாகப் பிரிக்கும் வித்தை அதற்கு முன்பே கைவந்திருந்தது. 1970-இல் லேம்லி வகுத்த முறைப்படி, சோப்பையொத்த ஒரு ரசாயனத்தில் மடிப்புக் கலைந்த புரதங்கள், மின்சாரத்தால் இழுக்கப்பட்டு, பாலிஅக்ரிலமைடு ஜெல்லின் நுண்துளைகளூடே சிறியவை முந்தவும் பெரியவை பிந்தவும் ஊர்ந்து கோடுகோடாக நிற்கும். ஆனால் அக்கோடுகளுள் நாம் தேடுவது எது என்பதை ஜெல் சொல்லாது. ஒரு புரதத்தை மட்டும் இனங்கண்டு பற்றும் ஆன்டிபாடியோ, ஜெல்லுக்குள் எளிதில் நுழைவதில்லை. எட்வின் சதர்ன் 1975-இல் டி.என்.ஏ.வை ஜெல்லிலிருந்து தாளுக்கு ஒற்றியெடுத்துக் காட்டியிருந்தார். பாஸலின் டௌபின், ஸ்டேலின், கோர்டன் மூவரும் புரதங்களை மின்சாரத்தைக் கொண்டே நைட்ரோசெல்லுலோஸ் தாளுக்கு ஏற்றினார்கள். அதே 1979-இல் ஸ்டான்ஃபோர்டிலும் வேறொரு மார்க்கத்தில் இது சாத்தியமாயிற்று. ஸியாட்டிலில் இதே சிந்தனையில் உழைத்த பர்னெட்டின் கட்டுரை முதலில் நிராகரிக்கப்பட்டு, நகல் நகலாகக் கைமாறிப் பரவி, 1981-இல்தான் அச்சேறியது. சதர்னின் பெயரை ஒட்டி அவர் வேடிக்கையாகச் சூட்டிய ‘வெஸ்டர்ன் பிளாட்’ என்ற நாமமே நிலைத்தது.

புத்தகத்தில் படிப்பவருக்கு இது யந்திர காரியமாகத் தோன்றும். செய்து பார்த்தவர் கைத்தொழில் என்றே சொல்வார். ஜெல்லின் மேல் நனைந்த தாளைப் படியவைத்து, கண்ணாடிக் குழல் ஒன்றை அதன்மீது உருட்டி, இடையில் சிக்கிய காற்றுக் குமிழ்களை ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்ற வேண்டும். குமிழ் ஒன்று தங்கிவிட்டால் அவ்விடத்தில் புரதம் ஏறாது, வட்டமான வெள்ளைப் பொட்டொன்றே மிஞ்சும். மின்சாரத்தால் புரதங்களைத் தாளுக்கு ஏற்றி முடித்ததும் பான்ஸோ சாயத்தைத் தாளில் ஊற்றினால், இளஞ்சிவப்பு வரிகள் ஒவ்வொன்றாகத் தோன்றி, ஏறியது ஏறாதது இரண்டையும் காட்டிக்கொடுக்கும். ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாதபடி தாளின் வெற்றிடங்களை மூடும் உபாயமாக, ஆடை நீக்கிய பால்பவுடரைக் கரைத்து ஊற்றலாம் என்பதை 1984-இல் கண்டார்கள். சமையலறைச் சரக்கு ஒன்று சாஸ்திரத்துக்கு இவ்வளவு மலிவாக உதவியது அபூர்வமே.

இந்தக் கைத்திறனுக்குப் பெரும் சோதனையாக வந்து வாய்த்தது, பிராணவாயு குறைந்த வேளையில் செல்களுக்குள் பெருகும் ஹிஃப்-1 ஆல்ஃபா என்னும் புரதம். ரத்தத்தின் சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபொயட்டின் எவ்வாறு தூண்டப்படுகிறது என்று ஆராய்ந்த கிரெக் செமென்ஸாவும் அவருடைய சகாக்களும், 1992-இல் இதன் சுவடு கண்டு, 1995-இல் இதைப் பிரித்தெடுத்தார்கள். போதிய பிராணவாயு உள்ள செல்லில் இப்புரதம் உற்பத்தியானாலும் தங்குவதில்லை. அதன் இரண்டு புரோலின் அலகுகளில் ஆக்ஸிஜன் ஏற்றப்பட, வி.ஹெச்.எல். என்னும் மற்றொரு புரதம் அதைப் பற்றி அழிவுக்கு அனுப்பிவிடுகிறது. இந்த ரகசியத்தை 2001-இல் வெளிப்படுத்திய கேலினும் ராட்கிளிஃபும் செமென்ஸாவோடு 2019-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். பிராணவாயு திரும்பிய பின் புரதத்தின் பாதி அழிய ஐந்து நிமிஷமும் வேண்டாமாதலால், பிராணவாயு குறைத்த பெட்டியில் வளர்த்த செல்களை வெளியே எடுத்து, யோசித்து நின்று, பின்பு உடைத்தால், தாளில் ஒன்றும் தெரியாது. குமிழாக வந்து தாளைக் கெடுக்கும் காற்று, இங்கே சரக்கையே அழித்துவிடுகிறது. ஆகவே பலர் கோபால்ட் குளோரைடைச் செல்களுக்கு ஊட்டி, பிராணவாயு உள்ளபோதே அது இல்லாததுபோன்ற நிலையை உண்டாக்கிக்கொள்வார்கள். சௌகரியமான உபாயந்தான்; ஆனால் என் அபிப்பிராயத்தில், கோபால்ட் கொடுத்த வரியை மட்டும் காட்டிப் பிராணவாயுக் குறைவைப்பற்றிப் பேசுவது அரைச் சாட்சியாகும். இன்னொரு சங்கடமும் உண்டு: 826 அமினோ அமிலங்கள் கொண்ட இப்புரதம் கணக்குப்படி 93 கிலோடால்டன் அளவில் நிற்க வேண்டியிருக்க, ஜெல்லிலோ 120 அருகில்தான் நிற்கும், அறியாதவர் வேறொரு வரியைக் காட்டி மகிழ்வதும் நடக்கும்.

தமிழ்நாட்டுச் சரித்திரத்தில் வெஸ்டர்ன் பிளாட் புகுந்தது வேறு வழியாக. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளில் ஆறு வேலூரில் எய்ட்ஸ் கிருமியின் அறிகுறி காட்ட, அமெரிக்காவில் செய்த வெஸ்டர்ன் பிளாட் சோதனையே அதை உறுதிசெய்தது. தாளும் ஜெல்லும் இங்கே கிடைக்காத சரக்குகளல்ல. பழகிய கைகளே அன்று அரிதாக இருந்தன.

அக்கைகள் திருவனந்தபுரத்தில் உருவாக மேலும் சில ஆண்டுகள் சென்றன. இருதயக் கோளாற்றால் உதடு நீலம் பாரித்த குழந்தைகளை எல்லைக்கு இருபுறமிருந்தும் கொண்டுசெல்ல, 1976-இல் தொடங்கி 1980-இல் பார்லிமெண்டுச் சட்டத்தால் தேசிய அந்தஸ்து பெற்ற ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையம் இருந்தது. பிராணவாயுக் குறைவு அந்தத் தாய்தந்தையருக்குக் கண்ணெதிரே கண்ட துன்பம். தைக்காட்டில் 1990-இல் முளைத்து, 2007-இல் மத்திய அரசின் நிறுவனமான ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையத்தில் புற்றுநோய் ஆராய்ச்சி வேரூன்றியது; உட்புறம் பிராணவாயு எட்டாத கட்டிகளில் ஹிஃப் பெருகுமாதலால், அத்துறையினர் இப்புரதத்தை அறியாமல் இருக்க முடியாது. ஆன்டிபாடி பற்றிய வரிகளைத் தாளிலிருந்து படம்பிடிக்க உதவிய இருட்டறையும் எக்ஸ்ரே ஃபிலிமும் போய்க் காமிரா வந்துவிட்டது. ஆனாலும் ஹிஃப் தேடுகிறவர் பெட்டியின் கதவைத் திறக்குமுன், ஐஸும் செல்லுடைக்கும் கரைசலும் எட்டும் தூரத்தில் உள்ளனவா என்று இன்றும் பார்த்துக்கொள்கிறார்.