ஆறு வாரங்களில் வீழ்ந்த பிரான்ஸ்

1940-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள் விடியற்காலையில் ஜெர்மானியப் படைகள் ஹாலந்து, பெல்ஜியம், லக்ஸம்பர்க் ஆகிய நாடுகளின் எல்லைகளைக் கடந்தன. ஜூன் 22-ஆம் நாள் பிரான்ஸ் போர்நிறுத்த உடன்படிக்கையில் கையொப்பமிட்டது. முதல் உலகப் போரில் நான்கு ஆண்டுகள் எதிர்த்து நின்று வெற்றி கண்ட வல்லரசு, ஆறே வாரங்களில் வீழ்ந்தது எவ்வாறு?

பல்லாண்டுகள் வகுப்பறையில் வரலாறு கற்பித்தவன் நான். இவ்வினாவுக்கு மாணவர்கள் எழுதும் விடையை நன்கு அறிவேன். ஜெர்மனியிடம் டாங்கிகள் மிகுந்திருந்தன, பிரான்ஸிடம் இல்லை என்பதே அவ்விடை. போலந்து நாட்டுக் குதிரை வீரர்கள் ஈட்டி ஏந்தி டாங்கிகளின்மேல் பாய்ந்தனர் என்ற கதையையும் சிலர் சேர்த்துக்கொள்வர். அது வெறுங்கதை. 1939 செப்டம்பர் முதல் நாள் கிரோயான்டி என்னும் ஊரருகே அக்குதிரைப்படை தாக்கியது ஜெர்மானியக் காலாட்படையைத்தான். பின்னர் வந்து சேர்ந்த கவச வண்டிகளே அவர்களைச் சுட்டு வீழ்த்தின. டாங்கிகள் இல்லை என்ற விடையும் ஏறக்குறைய அத்தகையதே.

மேற்குப் போர்முனைக்கு ஜெர்மனி கொணர்ந்த டாங்கிகள் ஏறத்தாழ 2,500. பிரான்ஸிடம் மட்டுமே 3,000-க்கு மேல் இருந்தன. ஜெர்மானிய டாங்கிகளுள் பல, இயந்திரத் துப்பாக்கி மட்டுமே தாங்கிய சிறு வண்டிகள். பிரான்ஸின் பி-1 என்னும் கனரக டாங்கியோ 60 மில்லிமீட்டர் கனமுள்ள கவசம் பூண்டது. மே 16-ஆம் நாள் ஸ்டோன் என்ற சிற்றூரில் அவ்வகை டாங்கி ஒன்று, 140 முறை அடிபட்டும் நிலைகுலையாமல், எதிரியின் டாங்கி வரிசையை அழித்துவிட்டுத் திரும்பியது.

ஆயின் குறை எங்கே இருந்தது? அந்த டாங்கியின் மேற்கோபுரத்தில் ஒருவருக்குத்தான் இடம். வழி நோக்குபவரும், குண்டு இடுபவரும், குறி பார்த்துச் சுடுபவரும் அவ்வொருவரே. பல பிரெஞ்சு டாங்கிகளில் கம்பியில்லாத் தந்திக் கருவி கிடையாது. கொடி அசைத்தே செய்தி கூறினர். ஜெர்மானியரோ எல்லா டாங்கிகளிலும் அக்கருவியைப் பொருத்த முனைந்தனர். அவர்தம் கவசப் படையை உருவாக்கியவருள் முதல்வரான குடேரியன், முதல் உலகப் போரில் செய்தித் தொடர்புப் பிரிவில் பணியாற்றியவர். இரும்பைவிட இக்கருவியே அவருக்குப் பெரிதாகத் தோன்றியது போலும்! வானொலி வாயிலாக இவ்வரலாற்றைக் கேட்கும் உங்களுக்கு இது விளங்காமற் போகாது.

மற்றொன்று, டாங்கிகளைப் பயன்படுத்திய முறை. பிரெஞ்சுத் தளபதிகள் அவற்றுட் பெரும்பகுதியைக் காலாட்படைக்குத் துணையாகப் பிரித்து வைத்தனர். டாங்கிகளைத் தனிப்படையாகத் திரட்ட வேண்டும் என்று 1934-இல் நூல் எழுதிய டிகால் என்னும் அதிகாரியின் சொல் அம்பலம் ஏறவில்லை. ஜெர்மானியர் தம் டாங்கிகளைப் பத்து டிவிஷன்களாகத் திரட்டி, அவற்றுள் ஏழினை ஆர்டென் காட்டுமலைப் பகுதியின் வழியே செலுத்தினர். பெரும்படை விரைந்து கடக்க இயலாத இடம் என்று பிரான்ஸ் நம்பியிருந்த பகுதி அது. மாஜினோ கோட்டை வரிசையின் வலிமையும் அங்கே இல்லை.

மூன்றாம் நாளே ஜெர்மானியர் மியூஸ் ஆற்றங்கரையை எட்டிவிட்டனர். கனரகப் பீரங்கிகள் வந்து சேரும்வரை அவர்கள் காத்திருப்பர் என்பது பிரெஞ்சுத் தளபதிகளின் கணக்கு. மே 13-ஆம் நாள் அப்பீரங்கிகளின் வேலையை விமானங்கள் செய்தன. செடான் நகரின்மேல் மணிக்கணக்கில் குண்டுமாரி பொழிந்தது. பிற்பகலில் ஜெர்மானியக் காலாட்படையினர் ரப்பர்ப் படகுகளில் ஆற்றைக் கடந்தனர். அன்று மாலை, ஆற்றுக்குத் தெற்கே பூல்சோன் என்ற இடத்தில், டாங்கிகள் வந்துவிட்டன என்ற கூக்குரல் எழுந்தது. பீரங்கிப் படையினர் பீரங்கிகளை விட்டு ஓடினர். ஒரு டிவிஷன் முழுவதும் கலைந்தது. உண்மையில் அந்நேரம் ஒரு ஜெர்மானிய டாங்கியும் ஆற்றைக் கடந்திருக்கவில்லை. மிதவைப் பாலம் அமைத்து அவை கடந்தது மறுநாட் காலையில்தான்.

அவ்வோரிரவு பிரான்ஸின் கையில் இருந்தது. எதிர்த்தாக்குதலுக்கு ஒதுக்கப்பட்ட படை, ஆணை பெற்று அணிவகுத்துப் புறப்பட்டபோது பொழுது விடிந்துவிட்டது. பின்னால் வந்த மூன்றாம் கவச டிவிஷனைத் தளபதி ஃப்ளாவிஞி, தாக்குதலுக்கு அனுப்பாமல், சாலைகளுக்குக் காவலாகச் சிதறி நிறுத்தினார். மே 15-ஆம் நாள் முதலாம் கவச டிவிஷன், பெல்ஜியத்தின் ஃப்ளாவியோன் ஊரருகே எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்த வேளையில் தாக்கப்பட்டது. தலைமைத் தளபதி காம்லேன் பாரிஸ் நகரை அடுத்த வென்சென் கோட்டையில் அமர்ந்திருந்தார். அங்கே கம்பியில்லாத் தந்தி நிலையம் இல்லை! ஆணைகள் தொலைபேசியிலும் மோட்டார் சைக்கிளிலும் சென்றன. அவை சேருமுன் போர்முனை வேறிடம் போயிருந்தது. சேமப்படை எங்கே என்று மே 16-இல் விமானத்தில் வந்திறங்கிய சர்ச்சில் வினவினார்; அப்படி எதுவும் இல்லை என்றார் காம்லேன்.

வென்றவர்களும் இவ்வேகத்துக்கு அஞ்சினர் என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் கூறுவதில்லை. ஜெர்மானியப் படையின் பெரும்பகுதி கால்நடையாகவும் குதிரை வண்டிகளோடும் வந்தது. முன்னே ஓடும் டாங்கிகளுக்கும் பின்னே நடக்கும் காலாட்படைக்கும் இடையே நீண்ட இடைவெளி விழுந்தது. மே 17-ஆம் நாள் குடேரியனை நிற்குமாறு மேலதிகாரிகள் ஆணையிட்டனர். அவர் பதவி விலக முன்வந்தார். வேவு பார்க்கச் செல்லலாம் என்ற அனுமதியைப் பெற்று, மேலும் முன்னேறினார். அந்த இடைவெளியில் வலுவாகத் தாக்கப் பிரான்ஸிடம் திரண்ட படை இருந்திருப்பின், வரலாறு வேறாகியிருக்கலாம் என்றே கருதுகின்றேன். அந்நாளில் மோன்கோர்னே என்ற ஊரில் டிகால் தாக்கினார். அவர் கையில் இருந்ததோ அரைகுறையாகத் திரட்டிய டிவிஷன்.

மே 19-இல் காம்லேன் நீக்கப்பட்டு வேகாண்ட் தலைமை ஏற்றார். அடுத்த நாளே ஜெர்மானிய டாங்கிகள் அப்வில் நகரைக் கடந்து கடற்கரையை அடைந்தன. பெல்ஜியத்துள் புகுந்திருந்த பிரெஞ்சு, பிரிட்டிஷ் படைகள் அறுபட்டுப்போயின. டன்கர்க் துறையினின்று ஜூன் 4-ஆம் நாளுக்குள் 3,38,000 வீரர்கள் கப்பலேறித் தப்பினர். அவருள் கோவேறு கழுதைகளில் பொருள் சுமந்த இந்தியப் படையினரும் இருந்தனர். மற்றவை விரைவில் முடிந்தன. ஜூன் 14-இல் பாரிஸ் வீழ்ந்தது. சாலையெங்கும் பல லட்சம் மக்கள் மூட்டை முடிச்சுகளோடு தெற்கு நோக்கி நடந்தனர். ஏறத்தாழ 18 லட்சம் பிரெஞ்சு வீரர்கள் சிறைப்பட்டனர்.

மாஜினோ கோட்டைகளுட் பெரும்பாலானவை கடைசிவரை எதிரிக்கு விழவில்லை. போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்த பின்னரும் சில கோட்டைகளில் வீரர்கள் நிலத்தடி அறைகளில் காவல் காத்தனர். தம் அரசின் ஆணை வந்த பிறகே, ஜூலைத் தொடக்கத்தில், அவர்கள் கதவுகளைத் திறந்து வெளிவந்து சரணடைந்தனர்.