தீயணைப்பு வால்வுச் சான்றளிப்பு
கட்டடத்தின் ஸ்பிரிங்க்ளர் குழாய்களில் நீரைத் திறந்து மூடும் வால்வுகள், தயாரிப்பாளரைச் சாராத ஆய்வகத்தின் சோதனையில் தேறியிருக்க வேண்டும் என்னும் விதிமுறை. அமெரிக்காவில் என்.எஃப்.பி.ஏ. 13 தரநிலை இதைக் கோருகிறது, யு.எல்., எஃப்.எம். அப்ரூவல்ஸ் ஆகியவை சான்று தருகின்றன. கேட் வால்வுக்கு யு.எல். 262, பட்டர்ஃபிளை வால்வுக்கு யு.எல். 1091 ஆகியவை தரநிலைகள். வால்வு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பது பார்த்தவுடன் தெரிய வேண்டும்: ஒரு வகையில், திறந்திருந்தால் மரையிட்ட தண்டு கைச்சக்கரத்துக்கு வெளியே நீண்டு நிற்கும். எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் முழுதும் மூட 5 விநாடிக்குக் குறையக் கூடாது. ஓடும் நீர் சட்டென நின்றால் அந்த அதிர்ச்சியில் குழாயே உடையலாம். இந்தியாவில், மாடிகளில் குழல் பொருத்தும் ஹைட்ரண்ட் வால்வுக்கு ஐ.எஸ். 5290 தரநிலை உண்டு. சான்று குறிப்பிட்ட மாடலுக்கும் அளவுக்கும் மட்டுமே செல்லும். வாங்குபவர் முத்திரையோடு மாடல் எண்ணையும் சான்றுப் பட்டியலில் ஒப்பிட்டுப் பார்க்கவும்.