கோலியின் வடு

கோலிக்குண்டுக்கும் சரித்திரம் உண்டா என்று நேயர்கள் நகைக்க வேண்டா. புதுக்கோட்டையை அடுத்த பொற்பனைக்கோட்டையில் 2023ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, கண்ணாடி மணிகளோடு வட்டச்சில்லுகளும் கிடைத்தன. உடைந்த பானையோட்டின் விளிம்பைத் தேய்த்து வட்டமாக்கிய விளையாட்டுப் பொருள்கள் அவை. அவற்றை மெருகிட எவரேனும் துணிவரோ? தேய்த்த விளிம்பன்றோ அவற்றின் சான்று!

கண்ணாடிக் கோலிக்கும் இது பொருந்தும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் லவுஷா என்னும் ஊரார், கண்ணாடிக் கோலைக் காய்ச்சி, கிண்ணமுனைக் கத்தரியால் நறுக்கி உருட்டினர். நறுக்கிய இடத்தில் சிறு வடு நின்றது. அமெரிக்காவின் ஏக்ரன் நகரத்துக் கிறிஸ்டென்சன் கோலி உருட்டும் பொறிக்கு 1905இல் காப்புரிமை பெற்றார். பொறி உருட்டியவற்றில் அக்கத்தரி வடு இல்லை.

நம் சிறுவர்களுக்கோ சோடாப் புட்டியின் கோலியும் வாய்த்தது. ஹைரம் காட் என்னும் ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை பெற்ற புட்டி அது. புட்டி உடைந்தால் கடைக்காரருக்கு நட்டம், சிறுவர்க்குக் கொண்டாட்டம்!

பழங்கோலி திரட்டுவோருள் சிலர், கீறலைப் போக்க விரும்பி அதனைச் சாணை பிடிக்கின்றனர். கோலி பளபளக்கிறது, சற்றே சிறுக்கிறது, வடுவும் மறைகிறது. கையால் செய்ததா, பொறியால் உருண்டதா என்று பின்னர்த் துணிவது கடினமாகிறது. இது சீர்திருத்தமன்று, அழிப்பு என்றே நான் கருதுகிறேன். வெதுவெதுப்பான நீரும், சிறிது சவர்க்காரமும், மெல்லிய துணியும் போதும். சுடாத களிமண் கோலியாயின் நீரும் ஆகாது. உலர்ந்த தூரிகையே தகும்.